மூன்றாம் பதிப்பில் ஒரு ஜன்னலோர சீட்

ஒரு காட்டில் கடகடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. ஏதோ கெட்டியான சாமான் பாறைமேல் உருண்டு, தட்டி, தயங்கி, நின்றது. பிறகு ஒரு முயல், "ஐயோ, ஒண்ணு விழுந்துடுச்சே!" என்று அலறியது.

"ஒண்ணு விழுந்தா மாரடைப்பு," என்றது ஒரு கரகரத்த குரல். "சில்லறைத் தகராறுல ஒண்ணு விழுந்தா கண்டக்டருக்கு மாரடைப்பு. விதி அப்படி. நான் என்னம்மா பண்ணட்டும்?"

நாவல் மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். மரத்தடியில் ஒரு தட்டைப் பாறை. கரகரத்த குரல் தேனப்பன் என்ற கரடியுடையது. அலறியது செங்கமலம் என்ற முயல். எதிரே திருமேனி என்ற யானை. பக்கத்தில் அமிர்தராஜ் என்ற ஆமை; அப்போதுதான் வந்து சேர்ந்திருந்ததால் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் ஆடியது 'மனிதலோகம்' என்ற ஆட்டம். நம் பக்கத்தில் சிலர் மந்திரவாதி, வாள்வீரன், பூதம் என்று தங்களைக் கற்பனை செய்துகொண்டு பகடை உருட்டி ஆடுகிறார்கள் அல்லவா, அதே மாதிரிதான். என்ன, காட்டில் மந்திரவாதிக்கும் பூதத்துக்கும் மவுசு இல்லை. அங்கே அதிசயம் என்றால் மனிதர்கள். ஒருவர் சூத்திரதாரியாக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு மனிதராக மாறி அதில் மாட்டிக்கொள்வார்கள். முயல் கன்னியப்பன் என்ற கண்டக்டர். யானை ஓர் ஒல்லியான டெய்லர். ஆமை, பைக்கில் பறக்கிற கூரியர் பையன்.

கதைகள் எல்லாம் பயங்கரம். வருமானச் சான்றிதழ் தேடிப் புறப்பட்டவர்கள் திரும்பி வந்ததில்லை. மூன்று ஜன்னல் கொண்ட ஓர் அலுவலகத்தில் ஒவ்வொரு ஜன்னலும் அடுத்த ஜன்னலைக் கைகாட்டும். ஓடிபி என்ற ரகசிய எண் கண்ணுக்குத் தெரிந்ததும் மறைந்துவிடும்.

"கற்பனைக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று திருமேனி அடிக்கடி சொல்லும். "உயிரோட இருக்கிற ஆளு நேர்ல வந்து நிக்கிறான். நீ உயிரோட இருக்கிறதுக்கு அத்தாட்சி எங்கேன்னு அவனையே கேக்குறாங்களாம். எவன்யா யோசிக்கிறான் இதையெல்லாம்?"

யோசித்தவர்கள் மேல்மலையில் இருந்த ஒரு குரங்குக் கம்பெனிக்காரர்கள். அவர்கள் போட்ட இரண்டாம் பதிப்புதான் தேனப்பனிடம் இருந்தது. யாரும் சொல்லித்தராமல், இரவெல்லாம் புற்று தோண்டும் வேலைக்கு நடுவே, கரடி அதைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தது. புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைக் கரையான் தின்றுவிட்டது. கரையானைத் தேனப்பன் தின்றுவிட்டது. ஆகவே எல்லா விதியும் தன் வயிற்றுக்குள் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும். பகலில் தூங்க வேண்டிய கரடி தூங்காமல் வந்து பாறையைத் துடைத்து, கடலை வாங்கி வைத்து, மூன்று பேருக்கும் கதை நடத்தும். அதில் பாதி நேரம் விதியை விளக்குவதில் போய்விடும்.

"தேனப்பா, உன் விதி உன் முடி மாதிரி," என்றது திருமேனி அன்றும். "எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல."

தேனப்பன் சிரித்துக்கொண்டது. ஆனால் அதன் மனசுக்குள் ஒரு குறை இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை காலமாக எல்லோருடைய ஆட்களையும் நடத்தி, ஓட்டி, சாகடித்த தேனப்பன் ஒரு தடவைகூடத் தான் ஓர் ஆளாக ஆடியதில்லை. அதற்கென்று ஓர் ஆள் இல்லாமலும் இல்லை. பெயர் வைத்தியலிங்கம். கரண்ட் ஆபீஸில் குமாஸ்தா. இடது முழங்காலில் வலி. மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், சில ஞாயிறு பண்ணமாட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நின்றுகொண்டே ஆபீஸ் போகிறவர். ஒரே ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. புற்றுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு தேனப்பன் இவரைப் பற்றித்தான் யோசிக்கும். சில சமயம் கரையான் வருவது தெரியாது.

இப்படி இருக்கையில் மேல்மலையிலிருந்து ஒரு குரங்கு வந்தது. கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை.

"வாடிக்கையாளர் பெருமக்களே! மூன்றாம் பதிப்பு தயாராகிறது. உங்கள் ஆசைகளே எங்கள் விதிகள். கிளியிடம் சொல்லுங்கள், கிளி எங்களிடம் சொல்லும்."

குரங்கோடு வந்திருந்த கிளி ஒரு தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, "கீச் சத்தத்துக்குப் பிறகு பேசவும்," என்றது. உடனே வரிசை கட்டியாயிற்று. காட்டுப்பன்றி ஒன்று, "ஒரு நிமிஷம், ஒரே ஒரு சந்தேகம்தான்," என்று சொல்லி முன்னால் புகுந்து எல்லாரிடமும் திட்டு வாங்கியது.

செங்கமலம் ஒரே வரியில் முடித்தது. "என் கன்னியப்பன் சாகக் கூடாது."

"தும்பிக்கையில புடிக்கிற மாதிரி பெரிய பகடை," என்றது திருமேனி. "அப்புறம் எல்லாருக்கும் உக்கார இடம். இந்த முட்டி மோதுறதெல்லாம் வேணாம், எனக்குப் படபடன்னு வருது."

"நான் வந்து சேர்றதுக்குள்ள ஆட்டத்தை முடிக்கக் கூடாது," என்றது அமிர்தராஜ்.

தேனப்பன் முறை வந்தது. தொண்டையைக் கனைத்தது. மழையில் குடை பிடித்தவருக்கு ஆட்டோ கிடைக்கும் வாய்ப்பு கூடுமா குறையுமா என்று தெளிவில்லை. 'நாளைக்கு வாங்க' என்பதை மந்திரத்தில் சேர்ப்பதா, ஆயுதத்தில் சேர்ப்பதா என்று சொல்லவில்லை. அட்டவணையில் டீ இருக்கிறது, பன் இல்லை. இப்படியே போயிற்று. பின்னால் நின்ற மான்கள் உட்கார்ந்தன. பிறகு படுத்தன. பிறகு வீட்டுக்குப் போயின.

"இடம் நிரம்பிவிட்டது," என்றது கிளி. "நீங்கள் முன்பு சொன்னவை அழிகின்றன. தொடர்ந்து பேசவும்."

தேனப்பன் திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"சூத்திரதாரி வேலைய வேற யாராவது பாத்துக்கிட்டா தேவலை. எனக்கும் ஒரு ஆள் இருக்கார். வைத்தியலிங்கம்னு பேரு. ஒரு தடவையாவது அவரை பஸ்ல ஏத்தி ஜன்னலோரமா உக்கார வைக்கணும். அவ்வளவுதான்."

"பதிவாகிவிட்டது," என்று சொல்லிக் கிளி பறந்தது.

மாம்பழக் காலம் முடிவதற்குள் மூன்றாம் பதிப்பு வந்து சேர்ந்தது. தேங்காய் அளவுக்கு ஒரு பகடை. கூடவே கூண்டில் ஒரு மைனா.

"வணக்கம். நான் தானியங்கிச் சூத்திரதாரி," என்றது மைனா. "இனி கதையை நான் நடத்துவேன். நீங்கள் அனைவரும் ஆடலாம்."

தேனப்பனுக்கு உடம்பெல்லாம் முடி நின்றது. பாறையில் வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு, எழுந்து வந்து, முயலுக்கும் ஆமைக்கும் நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

"ஏன் தேனப்பா, கல்யாணப் பொண்ணு மாதிரி குனிஞ்சுக்கிட்டு?" என்றது திருமேனி.

"என் ஆளு வைத்தியலிங்கம்," என்றது தேனப்பன். "பஸ்ஸுக்கு நிக்கிறார். இடது முழங்கால்ல வலி..."

"மூன்றாம் பதிப்பில் முழங்கால் வலி நீக்கப்பட்டுள்ளது," என்றது மைனா.

"சரி. மக நினைப்பு. போன ஞாயித்துக்கிழமை அவ போன் பண்ணலை..."

"மகள் போன் செய்துவிட்டாள். கவலைகள் நீக்கப்பட்டுள்ளன. பகடையை உருட்டவும்."

தேனப்பன் உருட்டியது. தேங்காய் உருண்டு போய் ஒரு வேரில் முட்டி நின்றது. என்ன எண் என்று பார்ப்பதற்குள் மைனா சொல்லிவிட்டது: "பஸ் வந்துவிட்டது. வைத்தியலிங்கம் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். வாழ்த்துகள். அவருடைய கதை முடிந்தது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்."

மற்றவர்களின் கதை தொடர்ந்தது. கன்னியப்பன் டிக்கெட் கிழித்தார். எல்லோரும் சரியான சில்லறை கொடுத்தார்கள். டெய்லர் தைத்த ரவிக்கை முதல் தடவையே சரியாக இருந்தது. கூரியர் பையனின் பைக் பஞ்சராகிவிட்டதாக அமிர்தராஜ் ஆசைப்பட்டு ஒரு வார்த்தை சொல்லி, பையனையும் அதே பஸ்ஸில் ஏற்றியது. ஏறிய உடனே பஞ்சர் சரியாகிவிட்டது என்றது மைனா. பஸ் காற்று மாதிரி போயிற்று. செங்கமலம் கொட்டாவி விட்டது.

ஜன்னலோரம் வைத்தியலிங்கம் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தேனப்பன் எவ்வளவோ முயன்றது. எத்தனை வருஷமாகத் தெரிந்த முகம்! இப்போது பிடிபடவில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைத்தியலிங்கம் எழுந்து நிக்கிறார்," என்றது தேனப்பன் திடீரென்று.

"எழுந்து நிற்கத் தேவையில்லை," என்றது மைனா.

"தேவையில்லைதான். நிக்கிறார்."

"ஏன்?"

"ஒரு அம்மா ஏறியிருக்காங்க. இடுப்புல குழந்தை."

"அந்த வசதி இந்தப் பதிப்பில் இல்லை. அனைவருக்கும் இருக்கை உண்டு."

"அவங்க அடுத்த ஸ்டாப்புல ஏறினாங்க. உன் கணக்குல வரமாட்டாங்க."

"தேனப்பா, மறுபடி விதியா?" என்று முனகியது திருமேனி. ஆனால் செங்கமலம் காதை நிமிர்த்தியது.

"அண்ணே, அந்தக் குழந்தைக்கு என்ன வயசு?"

"ஒரு வயசு இருக்கும். சளி. மூக்கு ஒழுகுது. கண்டக்டர் பையில இருக்கிற விசிலைப் புடிச்சு இழுக்குது."

"என் விசிலையா! அந்தம்மா டிக்கெட் எடுத்தாச்சா?"

"எங்க? நூறு ரூபா நோட்டை நீட்டுறாங்க. சில்லறை இல்லையாம்."

"கேட்டியா திருமேனி! எல்லாரும் நூறு ரூபாயை நீட்டினா நான் எங்க போவேன்? ஏம்மா, ஏறும்போதே கேட்டுட்டு ஏறக் கூடாதா?"

"வைத்தியலிங்கம் எழுந்துட்டாருன்னா என் பையனும் எழுந்திருப்பான்," என்றது அமிர்தராஜ். "சின்னப் பையன் உக்காந்திருந்தா நல்லாருக்காது."

"என் டெய்லர் மட்டும் என்ன, மரியாதை தெரியாதவனா?" என்றது யானை.

"அமரவும்," என்றது மைனா. "தயவுசெய்து அமரவும். இருக்கைகள் காலியாக உள்ளன. ஆட்டம் முடிந்துவிட்டது. வாழ்த்துகள். அமரவும்." யாரும் கேட்கவில்லை. கடைசியில் மைனா அலகாலேயே கூண்டைத் திறந்துகொண்டு, "என்னைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன்," என்று மேல்மலைப் பக்கம் பறந்துவிட்டது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

பஸ் ஒரு லெவல் கிராசிங்கில் நின்றது. கேட் போட்டாகிவிட்டது. குழந்தை வாந்தி எடுத்தது, டெய்லர் சட்டைமேலேயே. யானை அருவருப்பில் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு ஆனந்தமாகக் கத்தியது. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போனது தேனப்பன்தான். எந்த இடத்தில் ஆடுவதை விட்டு நடத்த ஆரம்பித்தோம் என்று அதற்கே தெரியவில்லை. தெரிந்தபோது பாறையில் தன் பழைய இடத்துக்கே வந்திருந்தது; அங்கிருந்து, நடுவே தான் விட்டுவந்த இடத்தைப் பார்த்தது. முயலும் ஆமையும் நகர்ந்து உட்கார்ந்திருந்தன. இடம் மூடிவிட்டது.

"அண்ணே, கேட் எப்போ திறப்பாங்க?" என்றது செங்கமலம்.

வைத்தியலிங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முழங்கால் வலிக்க ஆரம்பித்திருந்தது. அவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, தேனப்பனும் சொல்லவில்லை. இப்போது முகம் நன்றாகத் தெரிந்தது.

"ரயில் வரணும்ல," என்று சொல்லிவிட்டு, கரடி பாறைமேல் சிதறிக் கிடந்த கடலைத் தோலைக் கையால் கூட்டி ஒரு ஓரமாகத் தள்ள ஆரம்பித்தது.

நீதி: புதிய பதிப்பில் எல்லாப் பிழைகளும் திருத்தப்பட்டிருக்கும், வாங்குகிறவரைத் தவிர.