கோஷர் சட்டி

“இந்தச் சட்டியில எறச்சி வறுத்தது யாரு?”

புஷ்பபாய் போட்ட சத்தத்தில், ஏத்தன் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். சிப்ஸ் அடுப்பில் இருந்த பெரிய இரும்புச் சட்டியில் மிளகும் மாட்டிறைச்சியும் மணத்தன.

அவள் கணவர் ராஜையா தலையைச் சொறிந்தார். “அறுப்புப் பண்டிகைக்கு சர்ச்சு சபையில விருந்துல்லா? கேட்டாவ, குடுத்தேன். வெடியுததுக்கு முன்னே ஈசாக்கு கொண்டு போட்டுட்டுப் போனான்.”

“குடுத்தியளா! இண்ணைக்கு பம்பாய்ல இருந்து சாயிப்பு வாறாருண்ணு தெரியாதா?”

சாயிப்பு என்று அவள் சொன்னது யூத குருவான ரப்பியை. யூதர்கள் உண்ணத் தகுந்தது என்று அவர் கோஷர் சான்று எழுதிக் கொடுத்தால் பாறசாலைச் சிப்ஸ் அமெரிக்காவுக்குக் கப்பலேறும். இல்லையென்றால் கொட்டகையை மூட வேண்டியதுதான். உள்ளூரில் அவள் சரக்கைச் சீந்த ஆளில்லை. இவ்வளவும் தெரிந்த மனிதன் சட்டியைத் தூக்கிக் கொடுப்பானா? ராஜையா என்று பெயர் இருந்தால் கொடுப்பான்.

அவர் பயந்துபோய்ச் சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஓடி வந்த ஏற்றுமதி ஏஜென்ட் ராஜதாஸ் தலையில் கைவைத்தான்.

“சோப்பா? அதுல மாட்டுக் கொழுப்பு உண்டாண்ணு கேப்பாரே சாயிப்பு!”

“எறச்சியைக் கழுவக் கொழுப்பு! நல்ல மூளை!” என்று கணவரை முறைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பரமசிவனிடம் போனாள் புஷ்பபாய். அவர் கல்யாண விருந்துக்குச் சமைப்பவர். பாத்திரமும் வாடகைக்கு விடுவார்.

“அண்ணா, கோஷருக்கு ஒரு சட்டி வேணும்.”

“கோஷமா? எந்தக் கட்சிக்கு?”

“கட்சியுமில்ல, கொடியுமில்ல. சுத்தமான சட்டி வேணும்.”

“சுத்தமா? எனக்க பாத்திரம் முட்டையைக்கூட கண்டதில்ல. உங்களப் போல கண்டதையும் போட்டு வறுக்கமாட்டேன். இரும்புச் சட்டி வாடகைக்குப் போயிருக்கு. வெங்கல உருளி தாறேன்.”

காரியம் ஆகவேண்டுமே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். உருளியோடு பரமசிவனும் கூடவே வந்தார்.

ரப்பி வந்தார். தாடியும் கறுப்புக் கோட்டும் வியர்வையில் நனைந்திருந்தன. உருளியைக் காட்டி ஏதோ கேட்டார்.

“இதுல கடைசியா என்ன வச்சதுண்ணு கேக்காரு” என்றான் ராஜதாஸ்.

பரமசிவன் நெஞ்சை நிமிர்த்தினார். “பால்பாயசம்! கல்யாணக் கூட்டம் மொத்தமும் இலையை நக்கிட்டுப் போச்சு!”

ரப்பி பின்வாங்கினார்.

“கெட்டுது!” என்றான் ராஜதாஸ். “பாலையும் எறச்சியையும் அவங்க சேத்துத் தின்னமாட்டாவ. சிப்ஸ் ரெண்டுக்கும் பொதுவா இருக்கணும். பாலு வெந்த பாத்திரம் ஆகாது.”

“எறச்சி ஆகாது, பாலு ஆகாது, சோப்பு ஆகாது! பின்ன நான் எனக்க தலையிலயா பொரிக்கது?”

புஷ்பபாய்க்குக் கண்ணீரும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரும்புச் சட்டியை இழுத்து அடுப்பில் கவிழ்த்தாள். சிரட்டையும் தேங்காய்த் தொண்டும் அள்ளித் திணித்துத் தீ மூட்டினாள்.

“எரிஞ்சு தொலையட்டு சனியன்!”

இரும்பு செக்கச்செவேலென்று பழுத்தது. கிட்டே போக ராஜையாவுக்குத் தைரியமில்லை. ரப்பி மட்டும் போனார். பார்த்தார். சிரித்தார்.

ராஜதாஸ் துள்ளினான். “அக்கா! இப்பிடிப் பழுக்கக் காச்சினா எறச்சிச் சட்டியும் சுத்தமாம்! அவங்க சட்டமே இதாக்கும்!”

சட்டி ஆறியதும் ரப்பி அதன் காதில் முத்திரைத் தகடு ஒன்றைக் கட்டினார். இனி அதில் சிப்ஸைத் தவிர எதுவும் வேகக்கூடாது. கொட்டகையை விட்டு வெளியே போகவும் கூடாது. சான்றும் எழுதித் தந்துவிட்டுக் காரில் ஏறினார்.

பரமசிவனுக்குத் தாங்கவில்லை. “எறச்சி வெந்த சட்டிக்கு முத்திரை, எனக்க உருளிக்கு அவமானம்! இதென்ன நியாயம்?”

அப்போது சபையிலிருந்து ஈசாக் மூச்சு வாங்க வந்து, தலையிலிருந்த இரும்புச் சட்டியை இறக்கினான்.

“இருட்டுல சட்டி மாறிப்போச்சு அம்மா. இதாக்கும் உங்களுக்க சட்டி, இதுல பப்படம் மட்டுந்தான் பொரிச்சோம். எறச்சி வறுத்தது பரமசிவண்ணன் வாடகைக்குத் தந்த சட்டியிலயாக்கும்.”