தகரப் பெரியப்பாவுக்குக் கால்சட்டை

அன்பும் லாரியும் உடைய மாமாவுக்கு,

நீங்கள் செல்லமாகவும் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டும் ‘வாலு’ என்று கூப்பிடுகிற உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் வெள்ளை. அங்கே நீங்களும் அத்தையும் அவரவர் நிறத்திலேயே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சுற்றி வளைத்து வர எங்கள் வீட்டில் இப்போது இடமில்லை, எங்கே திரும்பினாலும் மூட்டை. அதனால் நேராகவே வருகிறேன். மாமா, ஞாயிற்றுக்கிழமை லாரியைக் கொண்டு வராதீர்கள். “தம்பி, லாரியோட வா. இந்த மிஷினை ஏத்திக்கிட்டுப் போய் ஏதாவது பழைய இரும்புக் கடையில தள்ளிடு. எனக்கு வீடு வேணும்” என்று அம்மா போனில் சொன்னது உண்மைதான். ஆனால் அது கோபத்தில் சொன்னது. கோபம் இறங்கிவிட்டது, வார்த்தைதான் இன்னும் இறங்கவில்லை. சொன்னதை வாபஸ் வாங்கும் பழக்கம் அம்மாவின் வம்சத்தில் கிடையாது. (அது உங்கள் வம்சமும்தான், மன்னிக்கவும்.) நான் இதைப் போனில் சொல்லலாம். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவீர்கள், அத்தை கேட்பார், அத்தை காதில் விழுந்தால் அம்மா காதில் விழுந்த மாதிரி. ஆகவே கடிதம். அம்மாவுக்கு நூல்கண்டு கொண்டுவரும் அண்ணன் உங்கள் தெரு வழியாகத்தான் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா சாரத்திலிருந்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கி வந்து, அதை நீங்களே சாப்பிட்டு, ஆறுதல் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த முழங்கால் இனி சாரம் ஏறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூச்சு வேலை மேஸ்திரி சாரம் ஏறாமல் எதைப் பூசுவது? தரையையா? அப்போதுதான் அப்பாவுக்கு யோசனை வந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் கொத்தனார்கள் கண்ணளவில் சுண்ணாம்பும் மணலும் கலந்து, இன்றைக்குக் கூழாகவும் நாளைக்குப் புட்டாகவும் ஆக்குகிறார்கள். அதைத் தரையில் நின்றபடியே சரியாகக் கலந்து, காய்ந்த பொடியாக மூட்டை கட்டிக் கொடுத்தால் என்ன? “பையை வெட்டு, தண்ணி ஊத்து, பூசு. அவ்வளவுதான்!” இதை அப்பா குளிக்கும்போதும் சொல்கிறார், தூக்கத்திலும் சொல்கிறார். மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து அந்த மிஷின் வந்து பின்பக்க ஷெட்டில் படுத்தது இப்படித்தான்.

மிஷின் பார்க்கப் பெரிய தகர உருளை. ஒரு முனையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட வேண்டும். உள்ளே துடுப்புகள் சுற்றும், மேலிருந்து தண்ணீர் தூறும். கல் தண்ணீரைக் குடித்துக் கொதித்து, ஆவி விட்டு, உடைந்து, மறுமுனையில் மாவாக வந்து விழும். தண்ணீர் ஊற்றினால் காய்ந்து வெளியே வருகிற பொருளை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. கிளம்புவதற்கு முன் நெடுநேரம் தொண்டையைச் செருமும், கிளம்பிய பிறகு ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்பதால் அதற்குத் ‘தகரப் பெரியப்பா’ என்று நான் பெயர் வைத்தேன். அம்மா வைத்த பெயர் ‘உங்க அப்பாவோட ரெண்டாவது சம்சாரம்’. அப்பா பெயரெல்லாம் வைக்கவில்லை. “கண்ணுக்குக் கண்ணாடி போடாம ஷெட்டுக்குள்ள கால வச்சே, கால் இருக்காது” என்று எனக்குச் சட்டம் மட்டும் போட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேன்.

முதல் நாள் அப்பாவுக்குத் தாராள மனசு. தண்ணீரைத் தாராளமாகத் திறந்துவிட்டார். மறுமுனையில் மாவுக்குப் பதிலாகக் களி வந்தது. அது வெளியே வரவும் மாட்டேன், உள்ளே போகவும் மாட்டேன் என்று நடுவில் நின்று துடுப்புகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. மோட்டாரை நிறுத்தி, ஆறவிட்டு, அப்பா சுரண்டினார் சுரண்டினார், சாயங்காலம் வரை சுரண்டினார். “இதையும் பூசலாம்” என்று சொல்லி அதைக் காம்பவுண்டுச் சுவரில் அப்பினார். அந்தச் சுவர் இப்போது அம்மை போட்டுத் தேறிய முகம் மாதிரி இருக்கிறது. அடுத்த முறை தண்ணீரைக் குறைத்தார். குபுகுபுவென்று ஆவி வந்தது, பின்னாலேயே பஞ்சு மாதிரி வெள்ளை மாவு வந்தது, அப்பா என்னைத் தூக்கிச் சுற்றாத குறை (முழங்கால்). ஆனால் மாவு மறுமுனை வழியாக மட்டும் வரவில்லை, புகைக்குழாய் வழியாகவும் வந்தது. அம்மா தைத்து, இஸ்திரி போட்டு, வாசல் கம்பியில் வரிசையாக மாட்டியிருந்த கருநீலப் பள்ளிச் சீருடைகள் எல்லாம் நான் எட்டிப் பார்ப்பதற்குள் மூப்படைந்துவிட்டன. கருநீலமாகப் போன பையன்கள் நரைத்துத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அம்மா தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள், பார்த்தாள், ஒரு சீருடையை எடுத்து உதறினாள்.

அன்றே தீர்ப்பு வந்தது. “நான் தைக்கிற நேரத்துல அது வாயைத் தொறக்கக் கூடாது. நான் துணி கொடுக்க வெளியே போறப்ப ஓட்டிக்கோங்க. நான் வாசல் கதவத் தொறக்கறப்ப அது தூங்கிட்டு இருக்கணும்.” அப்பா தலையாட்டினார். அம்மா வெளியே போகும் நேரம் எவ்வளவு? பையைக் கொடுத்துவிட்டு, நான்கு பேரைக் குறை சொல்லிவிட்டு வரும் நேரம். அதற்குள் கல்லைக் கொட்டி, தண்ணீர் விட்டு, விரட்டி விரட்டி மாவாக்கி, அப்பா மறுமுனைக் கதவைத் திறந்து வாரினார். நான் வாசலில் காவல். அம்மா தெருமுனையில் திரும்பினால் விசில் அடிக்க வேண்டும். ஒரு நாள் சும்மா அடித்துப் பார்த்தேன். அப்பா நொண்டிக்கொண்டே ஓடிய வேகத்தைப் பார்த்தால் டாக்டர் தன் கருத்தை மாற்றிக்கொள்வார்.

இதற்கிடையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் அப்பாவின் பொடி மேல் ஆசைப்பட்டார். எந்தச் சுவரைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். ஆகவே அவர் பெயர் ‘டொக்கு’. “மேஸ்திரி, உள்சுவர் ஒண்ணு பூசிக் காட்டுங்க, காயட்டும், வந்து பார்க்கறேன்” என்றார். நம் வீட்டுக் கூடத்துச் சுவரை அப்பா செதுக்கிவிட்டுப் புதிதாகப் பூசினார். மாமா, நான் யாரையும் லேசில் பாராட்ட மாட்டேன். ஆனால் அந்தச் சுவர் அவ்வளவு வழவழப்பு. அம்மாவே போகிறபோக்கில் தடவிப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன்.

சில நாள் கழித்து, மத்தியானம். டப்.

சுவரில் பொட்டு அளவுக்கு ஒரு பள்ளம், கீழே கொஞ்சம் உதிரல். அம்மா என்னைப் பார்த்தாள். டப். இன்னொரு பள்ளம். “என்னடி எறியற?” “நான் எறியலம்மா.” “கடலையா, கல்லா?” “ரெண்டும் இல்லம்மா.” “அப்ப சுவர் தானா வெடிக்குதா?” “அதுவாத்தான் வெடிக்குது!” யார் நம்புவார்கள்? வாடிக்கையாளர் சட்டைப் பையில் அலாரம் வைத்து அனுப்பியவள் நான். நூல்கண்டுகளின் சீட்டுகளை மாற்றி ஒட்டியவள் நான். நானே என்னை நம்ப மாட்டேன். அம்மா என்னைத் தன் எதிரே உட்கார வைத்து, என் இரண்டு கைகளையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள். “இப்ப வெடிக்கட்டும் பார்ப்போம்.” இருவரும் சுவரைப் பார்த்தோம். சுவரும் எங்களைப் பார்த்தது. டப்! உதிர்ந்த சில்லு நேராக அம்மாவின் டீ தம்ளரில் விழுந்தது.

என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் குற்றமற்றவள் என்று நிரூபணமானது, மாமா. அந்தச் சந்தோஷம் டீ ஆறுவதற்குள் போய்விட்டது. அம்மா என் கையை விட்டுவிட்டுப் போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டாள். (நல்லவேளை, லாரி சும்மாயிருக்க இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றீர்கள்.) குற்றவாளி நான் இல்லை என்றால் பெரியப்பாதானே! உடனே காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “அம்மா, நான்தாம்மா எறிஞ்சேன். ஒத்துக்கறேன்.” “உன் ரெண்டு கையும் எங்கிட்ட இருந்துச்சு.” “காலால எறிஞ்சேன்.” “எந்திரிச்சுப் போ.” உண்மை சொன்னாலும் நம்புவதில்லை, பொய் சொன்னாலும் நம்புவதில்லை என்றால் ஒரு பெண் எப்படித் தொழில் செய்வது?

அன்று சாயங்காலம் அப்பா சாரம் ஏறிப் பூசிய காலத்துக் கரணைப் பையைத் தேடி எடுத்துத் துடைத்தார். பிறகு வீட்டு ஏணியைச் சுவரில் சாய்த்து, மெல்ல இரண்டு படி ஏறினார். அதற்கு மேல் போகவில்லை. பரணில் எதையோ தேடுகிற மாதிரி கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். பரணில் ஒன்றுமே இல்லை, மாமா. சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். எனக்கு வேடிக்கையாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மாதான் பேசினாள். “எறங்குங்க. அந்தச் சுவர் ஏன் வெடிக்குது, அதச் சொல்லுங்க.” அப்பா இறங்கி, ஒரு பள்ளத்தை ஆணியால் நோண்டினார். அடியில் வெள்ளையாக ஒரு சின்னப் பருக்கை. “முழுசா நீறாத கல்லு. தண்ணி குடிச்சது பத்தல. இப்ப சுவருக்குள்ள உக்காந்து ஈரத்த இழுத்து, ஊதி, மேல இருக்கற பூச்சைத் தள்ளுது.” “ஏன் பத்தல?” “உருளைக்குள்ள இன்னும் நேரம் கெடக்கணும். வெளிய வந்ததும் சலிச்சு, தொட்டியில ஆற விடணும்.” “விட வேண்டியதுதானே!” அப்பா தரையைப் பார்த்தார். “நீ வர்றதுக்குள்ள முடிக்கணுமே.”

அம்மா அந்தப் பருக்கையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

பிறகு அம்மாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று எனக்குப் புரியவில்லை, அம்மாவுக்கும் புரிந்திருக்காது. “இப்ப எல்லாம் எம்மேலயா? இருங்க, அதோட வாயத் தைக்கறேன் நான்!” என்று கத்திக்கொண்டு, கழுத்தில் தொங்கிய டேப்போடு விறுவிறுவென்று ஷெட்டுக்குப் போனாள். வாசலில் நின்று யோசித்தாள். திரும்பி வந்து கண்ணாடி மாட்டிக்கொண்டு போனாள். தகரப் பெரியப்பாவுக்கு அளவெடுத்தாள், மாமா! புகைக்குழாயின் கழுத்தளவு, தோளளவு, உயரம். “இடுப்பு கொஞ்சம் பெருசு, தாராளமா விடணும்” என்று வாய்க்குள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். முதலில் நெருக்கமான துணியில் ஒரு பை தைத்துக் குழாய் வாயில் கட்டினாள். ஆவி போக வழியில்லாமல் அது பொதுபொதுவென்று ஊதி, கயிற்றை அறுத்துக்கொண்டு கூரைக்கு மேல் கிளம்பி, தெருவில் போன ஒருவரின் சைக்கிள் மேல் விழுந்தது. அவர் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார். “மூச்சு விடற துணி வேணும்” என்று அம்மா சொரசொரப்பான தடித் துணியை எடுத்தாள். ஒரு பை பத்தாது என்று இரண்டாகப் பிரித்துத் தைத்தாள். பார்க்க அப்படியே கால்சட்டை. ஆவி துணி வழியாகப் போய்விடுகிறது, தூசி கால்களுக்குள் இறங்கி நிற்கிறது, அவ்வப்போது மிஷினை நிறுத்திக் கால்களை உதற வேண்டும். வாசல் கம்பியில் கருநீலம் கருநீலமாகவே இருக்கிறது.

இப்போது பெரியப்பா காலையிலிருந்து நிதானமாகச் செருமி, நிதானமாக ஓடுகிறார். மாவு சலிக்கப்படுகிறது, தொட்டியில் ஆறுகிறது, காய்ந்த மணலோடு அப்புறம்தான் சேர்கிறது. அப்பா கூடத்துச் சுவரை மறுபடியும் செதுக்கி மறுபடியும் பூசிவிட்டார். அது காய்ந்துகொண்டிருக்கிற நாளெல்லாம் நாங்கள் வீட்டில் ரகசியக் குரலில்தான் பேசுகிறோம், சுவர் ஏதாவது சொன்னால் காதில் விழ வேண்டுமே. நேற்று எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் விரலில் சொடக்கு எடுத்தேன். அப்பா தட்டோடு எழுந்தார், அம்மா சுவரோடு போய் நின்றாள். அதன்பின் கொஞ்ச நேரம் நான் வீட்டுக்கு வெளியே இருந்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன் மாமா, முதலில் சுவரிடம் ஓடியது அம்மாதான்.

சனிக்கிழமை டொக்கு வருகிறார். அவர் தலையாட்டினால் அப்பா இனி ஏணியில் நின்று பரணில் ஒன்றும் தேட வேண்டாம். ஆட்டாவிட்டால் இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் வாசலில் உங்கள் லாரி வந்து நின்றால் அம்மா கௌரவத்துக்காகவே மிஷினை ஏற்றிவிடுவாள். ஆகவே லாரிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். டயர் பஞ்சர், டிரைவருக்குக் கல்யாணம், எது வசதியோ அது. பொய்யில் உதவி தேவைப்பட்டால் எழுதுங்கள், கையிருப்பு நிறைய உண்டு.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதத்தை ஸ்பீக்கரில் போடாமல் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஒரே ஒரு முறை நிரபராதியான
வாலு

பின்குறிப்பு: நூல்கண்டு அண்ணன் வரத் தாமதம், டொக்கு அதற்கு முன்பே வந்துவிட்டார். கூடத்துச் சுவரை மூலைக்கு மூலை தட்டினார், காதை வைத்தார், மறுபடி தட்டினார். “மேஸ்திரி, ஞாயித்துக்கிழமை முதல் லோடு அனுப்பிடுங்க” என்றார். ஆகவே மாமா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் லாரியோடு வந்து சேருங்கள். முன்சீட்டில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், அது அம்மாவுக்கு. “அந்தக் கொத்தனாருங்க தண்ணிய அள்ளி ஊத்திக் களியாக்கிடுவாங்க, நான் கூடப் போயி நின்னு சொல்லித்தான் குடுக்கணும்” என்று இப்போதே புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். நீங்கள் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வாருங்கள். நீங்களும் எங்கள் நிறத்துக்கு வந்துவிடுவீர்கள்.