ஜாக்கியின் இருமல் தெருவுக்குப் பரவிய விவரம்

பூந்தமல்லி
12-8-1937

சிரஞ்சீவி மைத்துனன் சம்பத்துக்கு, உன் அக்காள் புருஷன் திருவேங்கடம் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் மனிதர்கள் அனைவரும் க்ஷேமம். நாய்களைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை.

பட்டணத்து நாய்க் கண்காட்சியில் பரிசு வாங்கிய உன் ஜாக்கியை எங்களிடம் விட்டுவிட்டு நீ பெங்களூர் ரயில் ஏறிய ஐந்தாம் நாள், அது கழுத்தை நீட்டி, வாத்து கத்துவது போல இருமி, கடைசியில் வெள்ளை நுரையைக் கக்கியது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதென்று வாழைப்பழம் கொடுத்தேன்; தின்றுவிட்டு மறுபடி இருமியது. பயந்துபோய், விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும் என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நாய் வளர்க்கும் வீடாகப் பார்த்து ஏறி இறங்கினேன். எத்திராஜ் வீட்டில் அவர்கள் நாயின் தொட்டியிலேயே இதற்கும் தண்ணீர் காட்டினார்கள். அத்தர் வியாபாரி சாதுல்லா வீட்டில், அவர் மனைவி வஹீதுன்னிசா பெற்ற பிள்ளை போல வளர்க்கும் இரண்டு மாதக் குட்டி ஓடிவந்து ஜாக்கியின் மூக்கை நக்கியது. என்ன சிநேகம் என்று நான் சிரித்தேன், சம்பத். சிரித்தேன்.

ஒரே வாரத்தில் தெருவில் ஏழு நாய்கள் இருமின. எத்திராஜ் வாசலில் வந்து நின்று, "இன்னா நைனா, ஊடு ஊடா வந்து நோவு குட்த்துட்டுப் போயிகிறயே" என்றார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் சொன்னார்: எலும்புமில்லை ஒன்றுமில்லை, இது ஒட்டுவாரொட்டி; பல நாய்களை ஒன்றாக அடைத்த கண்காட்சியில் பிடித்திருக்கும்; இருமுகிற காற்றிலும் பரவும், ஒரே தட்டில் குடித்தாலும் பரவும்; பெரிய நாய் பெரும்பாலும் தானே தேறிவிடும், குட்டிக்கு மார்பில் சளி கட்டினால் உயிருக்கே ஆபத்து. அவர் நாற்காலியைக் காட்டினார். எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை.

அந்தக் குட்டி நான்கு நாள் பாலைத் தொடவில்லை. வஹீதுன்னிசா அதைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகத் தைரியமில்லாமல் நான் வாசலிலேயே நின்றேன். ஐந்தாம் நாள் சாதுல்லா வெளியே வந்து, "கஞ்சி நக்கிச்சு அண்ணாத்தே, ஊட்டுக்குப் போங்க" என்றார். தெரு என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

டாக்டர் சொன்னபடி ஜாக்கியைப் பின்கட்டு அறையில் தனியாக வைத்திருக்கிறேன். அதற்கென்று ஒரு தட்டு, அதையும் வெந்நீரில் நானே கழுவுகிறேன். கழுத்தை இறுக்காமல் மார்பில்தான் வார் கட்டுகிறேன். வேறு நாயின் வாடைகூட அண்டவில்லை. நீயும் இனிமேல் கண்காட்சிக்குப் போய்வந்த நாயை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு மற்ற நாய்களோடு விடு. பகவான் உன் குடும்பத்தைச் சளி இருமல் அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
திருவேங்கடம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனபோது உன் அக்காள் வரலட்சுமி கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, "தனியா எங்க கீது? ஒண்டியா சோறு துன்ன மாட்டேங்குது, பாவமா கீது. தெனம் மதியானம் நீங்க தூங்கசொல்லோ நாலு தெரு நாயை உள்ள உட்டுகினுதான் கீறேன். ஒரே தட்டுல நல்லாத் துன்னுதுங்க" என்கிறாள். எத்திராஜ் கண்ணில் படாமல் தபாலாபீசுக்கு எந்தத் தெரு வழியாகப் போவதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.