குதிகால் அக்கா சொன்ன வயசு

எண்பதுகளில் ராஜபாளையத்தில் வயசைக் குறைத்துச் சொன்னவர்கள் எல்லாரும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயந்தார்கள். போலீசுக்கு இல்லை, பள்ளிக்கூட சர்டிபிகேட்டுக்கும் இல்லை. எங்கள் மில் ஆபீஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்த குதிகால் அக்காவுக்கு.

அவளுக்குச் சொந்தமாக ஒரு பேர் உண்டு. சம்பள நாளன்று கேஷியர் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார். மற்றபடி எல்லாருக்கும் அவள் குதிகால் அக்காதான். எதிரே யார் வந்து நின்றாலும் அக்காவின் பார்வை முகத்துக்குப் போகாது, நேராகத் தரைக்குப் போகும். காலைப் பார்த்த மாத்திரத்தில் வயசைச் சொல்லிவிடுவாள்.

"மூஞ்சிக்குப் பவுடர் இருக்கு, தலைக்கு மை இருக்கு. காலுக்கு எவன் என்னத்தப் பூசுதான்?" என்பாள். "இருபதுல விரலெல்லாம் ஒட்டி நிக்கும். நாப்பதுல பாகம் பிரிச்ச அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாக்கும். அம்பதுல பாதம் அகண்டு, உள்ளங்கால் குழி தரையைத் தொட்டுரும், பழைய செருப்பு பத்தாது. அறுபதுல குதிகால் சதை கரைஞ்சு வெறும் எலும்புல நிப்பான். நகத்தை வெட்ட ஆள் தேடணும்."

ஒரு ஆயுத பூஜைக்கு மில் ஆடிட்டர் வந்திருந்தார். கருகருவென்று தலை, நாற்பத்தெட்டு என்று சொல்லிக்கொள்வார். பூஜைக்காக எல்லாரையும் போல அவரும் ஷூவைக் கழற்ற வேண்டியதாயிற்று. அக்கா ஒரு பார்வைதான் பார்த்தாள். "சார், அறுபதாம் கல்யாணத்துக்கு எங்களையெல்லாம் கூப்பிடவே இல்லையே" என்றாள். மனுசர் பொரி கூட வாங்காமல் காரில் ஏறிவிட்டார்.

பஸ்ஸில் இன்னும் மோசம். பிள்ளைக்கு டிக்கெட் எடுக்காமல் "மூணு வயசுதான் ஆவுது" என்று ஒரு அம்மா சாதித்துக்கொண்டிருந்தாள். அக்கா குனிந்து பிள்ளையின் பாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆறு முடிஞ்சு ஏழு நடக்கு" என்றாள். பிள்ளையும் பெருமையாக "ஆமா" என்றது. அந்தக் கண்டக்டர் அதற்கப்புறம் அக்காவை நின்று வர விட்டதே இல்லை.

ஊரார் காலையெல்லாம் பார்த்தவள் தன் காலை மட்டும் யாருக்கும் காட்ட மாட்டாள். நூல் சேலைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ, அதற்குள்ளே கறுப்பு சாக்ஸ். சித்திரை வெயிலிலும் அதே கோலம்தான். யார் வீட்டுக்குப் போனாலும் ஷூவை வாசலில் விடுவாள், சாக்ஸைக் கழற்ற மாட்டாள். கேட்டால், "டாக்டரு தன் நாடியை ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் நீட்டுவானா? வேலையைப் பாருட்டி" என்பாள்.

இப்படிப்பட்டவளை என்னைப் பெண் பார்க்க வருகிற அன்றைக்கு எங்கள் அம்மா வீட்டுக்கு அழைத்ததுதான் வினை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் எங்கள் வீடு. மாப்பிள்ளை கான்சாபுரத்துக்காரர், பி.காம் முடித்துவிட்டு விவசாயம். வயசு இருபத்தேழு என்று தரகர் சொல்லியிருந்தார். "தரகன் பேச்சை நம்ப முடியாது. நீ வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போம்மா" என்று அம்மா அக்காவிடம் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் தரகரோடு வந்து உட்கார்ந்தார்கள். காபி கொண்டுபோன என் கை நடுங்கி டபரா கடகடவென்று சத்தம் போட்டது. அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எனக்கும் இப்படித்தான் நடுங்குது" என்றார். அவ்வளவுதான், எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

அடுப்படிக்குத் திரும்பி வந்தால், அங்கே அக்கா அம்மாவிடம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்திரண்டு."

"மொகம் பச்சப்பிள்ள மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா.

"மொகத்தை விடுங்க. குதிகால்ல விரலை விடலாம், அம்புட்டு வெடிப்பு. கட்டைவிரல் நகம் கெட்டிச்சுப் போச்சு. பாதம் விசிறி மாதிரி விரிஞ்சு கெடக்கு. நாப்பத்திரண்டுக்கு ஒரு மாசம் கொறையாது."

அம்மாவுக்கு அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை. ஜாதகம் பார்த்துச் சொல்லியனுப்புகிறோம் என்று அனுப்பிவிடக் கிளம்பினாள். எனக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. ஆபீஸில் அக்கா பேச்சை ஒருநாளும் மறுத்தவளில்லை நான். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, எனக்கு அவியளப் பிடிச்சிருக்கு."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவள் ஒருத்தர் முகத்தைப் பார்த்ததே அதிசயம். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். "செத்த நேரம் பொறுங்க" என்று அம்மாவை நிறுத்திவிட்டுக் கூடத்துக்குப் போனாள். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா பாயில் காலை மடக்கிப் புடவைக்குள் மூடி உட்கார்ந்திருந்தார். பார்க்க வழியில்லை. அக்கா விறுவிறுவென்று போய், "ஆசீர்வாதம் பண்ணுங்க மதினி" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டாள். அந்தம்மா பதறிப்போய்க் காலை நீட்டினார். விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. தரகர், "மயக்கமா?" என்று தண்ணீர் கேட்டார். அக்கா படுத்தவாக்கிலேயே, "கால் எம்புட்டு மெத்துனு இருக்கு மதினி. காட்டுல மேட்டுல நடந்த கால் மாதிரி தெரியலையே" என்றாள்.

"எங்க நடக்க விடுதான் இவன்?" என்றார் அந்தம்மா. "இவிய அப்பா தவறுனப்ப இவனுக்குப் பன்னண்டு வயசு. அன்னைக்கு வயல்ல எறங்குனவன்தான். படிப்பும் பாத்தான், வயலும் பாத்தான். என்னைய வரப்புல கூட ஏற விடமாட்டான்."

மாப்பிள்ளை கூச்சத்தோடு காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தாள். ரேங்க் வாங்கின பிள்ளை மாதிரி முகம் ஜொலித்தது.

"அந்தம்மா காலுக்கு நாப்பத்தாறு. நாலு வயசுல எவளாவது பிள்ள பெறுவாளா? பையனுக்கு இருபத்தேழுதான்."

"அப்ப நீ சொன்ன நாப்பத்திரண்டு?" என்றாள் அம்மா, விடாமல்.

"எங்கணக்கு தப்பாது. கால் நாப்பத்திரண்டுதான். அம்மா நடக்க வேண்டிய பதினஞ்சு வருசத்தையும் சேத்து நடந்திருக்கான்லா" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "கண்ணைத் தொடைட்டி. பெத்தவ கால் நோகாம வச்சிருக்கவன் உன் காலையும் நோக விடமாட்டான். கட்டிக்கோ."

ஜாதகத்தை அப்புறம் யாரும் எடுக்கவே இல்லை. அன்றைக்கே தட்டு மாற்றினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். மண்டபத்தில் அக்கா கேள்வி கேட்பாரற்ற அதிகாரி மாதிரி நடமாடினாள், சாக்ஸோடுதான். தாலி கட்டி முடிந்து பெரியவர்கள் காலில் விழுந்து வந்தோம். அக்கா முறை வந்தது. என் மாமியார் குறுக்கே வந்துவிட்டார்.

"சாக்ஸ் மேல விழுந்தா ஆசீர்வாதம் எப்படி ஒட்டும்? என் காலை மட்டும் அம்புட்டு நேரம் பாத்தியேம்மா. கழட்டு."

மண்டபமே சிரித்தது. தப்பிக்க வழியில்லாமல் அக்கா சாக்ஸைக் கழற்றினாள். நாங்கள் குனிந்தோம்.

ஆபீஸ் கணக்கில் அக்காவுக்கு முப்பத்தெட்டு. காலுக்கு அறுபதுக்குக் குறையாது. வெடிப்பு, பிரிந்து நின்ற விரல்கள், தேய்ந்துபோன குதிகால். தகப்பனில்லாத வீட்டில் மூத்தவள் அவள். வன்னியம்பட்டியில் களையெடுத்து, தண்ணீர் சுமந்து, மூன்று தம்பிகளை ஆளாக்கிவிட்டு அப்புறம்தான் டைப் படித்து மில்லுக்கு வந்தவள். மாப்பிள்ளையின் காலைப் பார்த்தவள் அவர் அம்மாவின் காலையும் ஏன் தேடிப் போனாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு எழுந்திருக்கவே மனசில்லை.

"எத்தனைட்டி சொல்லுது?" என்று மேலேயிருந்து மெதுவாகக் கேட்டாள். அவள் குரலில் பயத்தை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இருபத்தஞ்சு தாண்டாதுக்கா."

"அட போட்டி, உனக்குக் கால் பாக்கவே தெரியல" என்று என் தலையில் குட்டினாள். ஆனால் அதற்கப்புறம் அந்த சாக்ஸை அவள் போடவில்லை. வெறுங்காலோடு பந்தி முழுக்க நடந்து, சாம்பார் ஊற்றுகிற சாக்கில், "இருபத்தஞ்சாம்லா, பிள்ள சொல்லுதா" என்று ஒவ்வொரு இலைக்கும் சொல்லிக்கொண்டு போனாள்.

எனக்குக் கால் பார்க்க நன்றாகவே தெரியும். அது அக்காவுக்கும் தெரியும்.