பட்டாணிக் கவசம்

கேளீர், அவையோரே! வகுத்தலில் வல்லவளும், பெருக்கலில் பெரியவளும், புள்ளியை இடம் மாற்றி வைத்த மாணாக்கரின் மதிப்பெண்களை ஈவிரக்கமின்றி அரிந்து வீழ்த்தியதால் ‘தசமப்புள்ளி’ என்னும் விருது பெற்றவளுமாகிய கணக்கு டீச்சர் கோடையை வென்ற திறம் உரைக்கப்படுகிறது. நாவே, கதை முடியும்வரை நீயாவது வறண்டுவிடாதே.

பகைவன், விண்ணாளும் வெங்கதிரோன். ஊராரிடம் வேர்வையை மட்டும் திறையாகக் கொள்ளும் அக்கொடுங்கோலன், தலைவியிடம் கண்ணையும் காலையும் கேட்டான். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்னும் நோய் ஆறாண்டுகளாக அவள் நரம்புகளின் மேலுறையை அங்கங்கே அரித்திருந்தது. உடல் சற்றே சூடேறினாலும் மூளை இட்ட கட்டளை கால்வரை போய்ச் சேராது, எழுத்தெல்லாம் மங்கிவிடும். உடல் குளிர்ந்தால் எல்லாம் திரும்பும். இதை எல்லோருக்கும் விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

சென்ற வாரம் தேர்வறையில் அவள் சுவரைப் பிடித்து நின்றதைக் கண்ட தலைமையாசிரியர், “வெயில் போகட்டும் டீச்சர். அதுவரைக்கும் ஹால் டியூட்டி வேண்டாம், லைப்ரரியில உட்காருங்க,” என்றார் கனிவாக. அந்தக் கனிவுதான் அவளைச் சுட்டது. இன்று லைப்ரரியில் உட்காரச் சொல்பவர் நாளை வீட்டில் உட்காரச் சொல்லமாட்டார் என்பது என்ன நிச்சயம்?

“ஒரே ஒரு நாள் குடுங்க சார்! ஒன்றரை மணி நேரத்துல நான் எங்கயாவது சாய்ஞ்சா, நானே லைப்ரரி சாவியை வாங்கிக்கறேன்!” என்று சூளுரைத்தாள் தலைவி.

சூளுக்குத் துணையாக அவளிடம் ஒரு கவசம் உண்டு. முன்னிரண்டு, பின்னிரண்டு எனப் பைகள் வைத்த கையில்லாச் சட்டை. உறையவைத்த ஜெல் கட்டிகளை அவற்றில் செருகி உள்ளே அணிந்துகொண்டால் கதிரோன் கதவுக்கு வெளியே நிற்பான். போர் நாள் காலையில் ஃப்ரீசரைத் திறந்தாள். கட்டிகளைக் காணோம். அன்பின் மலையும் பொறுப்பின் கடலுமாகிய அவள் கணவர், மனைவிக்கு இன்று முக்கியமான நாளாயிற்றே என்று விடியலிலேயே எழுந்து, அவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவி, கிளிப் மாட்டி, கொடியில் தொங்கவிட்டிருந்தார்.

“ஒரே ஈரமா இருந்துச்சும்மா. வெயில்ல நல்லா காயட்டும்னு போட்டேன்.”

தொட்டுப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டிபோலச் சுட்டன. அவள் கணவரைப் பார்த்த பார்வை அதைவிடச் சுட்டது. ஆயினும் வீரர்க்கு அழக் காலமேது? ஃப்ரீசரின் அடித்தட்டில், கணவர் ஆசை ஆசையாய் வாங்கி அடுக்கிய உறைந்த பட்டாணி பாக்கெட்டுகள் நான்கு, நாற்படையென அணிவகுத்துக் கிடந்தன.

பட்டாணிக் கவசம் பூண்டு களம் புகுந்தாள். முப்பது மேசைகள்; கிறீச்சிட்டபடி சுழலும் ஒற்றை மின்விசிறி; சன்னல்தோறும் அனற்கணை. அவளோ நிமிர்ந்த முதுகும் நேர்கொண்ட நடையுமாக வரிசைதோறும் உலாவினாள். ஒரு மணி கடந்தபோது பின்புறத்து பாக்கெட் ஒன்று வாய் பிளந்தது. டொக். டொக் டொக். பச்சைமணிகள் துள்ளியோட, முப்பது தலைகள் திரும்பின.

“கீழே விழறது எதுவும் உங்க சிலபஸ்ல இல்ல! எழுதுங்க!” என்று முழங்கினாள் தலைவி. தலைகள் தாழ்ந்தன.

அக்கணமே, மூன்று மேசைகளுக்கு அப்பால் ஒரு மாணவியின் ரப்பரில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. சென்ற வாரமாயிருந்தால் ரப்பரே தெரிந்திராது. இன்றோ, அதில் பொடியாக எழுதியிருந்த எண்கூடத் தெரிந்தது: வட்டக் கணக்குக்கு 3.14 என்றிருக்க வேண்டியது, 31.4 என்றிருந்தது! தலைவிக்குக் கோபம் வரவில்லை. கண் தெரிந்த மகிழ்ச்சிதான் வந்தது.

“அந்த ரப்பரைக் குடும்மா. காப்பி அடிக்கிறதுலயும் புள்ளி தப்பு!”

ஒன்றரை மணி நேரம் முடிந்து மணி அடித்ததும், வாயிலில் நின்று இதையெல்லாம் பார்த்திருந்த தலைமையாசிரியர் மெல்லக் குனிந்து, காலடியில் கிடந்த பட்டாணி ஒன்றை எடுத்து, உருட்டிப் பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கும் நீங்களே இந்த ஹாலைப் பார்த்துக்கோங்க டீச்சர்.”

முரசங்காள், முழங்குக! வெங்கதிரோனே, மேற்கே ஓடி ஒளிக! நரம்பு நைந்தும் நெஞ்சு நையாத, பசுமணிக் கவசம் பூண்ட, புள்ளி பிழையாப் பெருந்தகையின் வெற்றிக்கொடி எண்டிசையும் பறப்பதாக!

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் டீச்சர் நான்கு பாக்கெட் பட்டாணி வாங்கிக்கொண்டாள்.