மூன்று முறை சம்மதம் கேட்ட ஃபார்மேட் பாய்

ராசிபுரம் வட்டாரத்தில் ஃபார்மேட் பாய் அழிக்காத கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது என்றால், அது இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம். அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை.

‘கம்ப்யூட்டர் டாக்டர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தார். டாக்டர் என்றால் நாலு நோய்க்கு நாலு மருந்தாவது தெரிய வேண்டாமா? இவருக்குத் தெரிந்தது ஒரே மருந்து. உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஓ.எஸ். போடுவது. மெஷின் மெதுவாக ஓடினால் ஃபார்மேட். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் ஃபார்மேட்.

வெண்ணந்தூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் கீபோர்டில் ஒரு பட்டன் அமுங்கவில்லை. பாய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மொத்தத்தையும் அழித்துப் புதிதாக ஏற்றினார். அப்போதும் அமுங்கவில்லை. கடுப்பில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு முறுக்குத் துண்டு விழுந்தது.

“பாத்தீங்களாங்க? ஃபார்மேட் பண்ணுனதாலதான் இது வெளிய வந்துச்சு” என்றார்.

அந்த அப்பாவி மனுஷன் காபி வேறு கொடுத்து அனுப்பினார். தப்பை ஒப்புக்கொள்கிற பழக்கம் பாயிடம் மருந்துக்கும் கிடையாது. கரண்ட் சரியில்லை என்பார், ஒயர் சரியில்லை என்பார், கடைசியில் உங்கள் கைராசியே சரியில்லை என்றுவிடுவார்.

ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அழிப்பதற்கு முன்னால் இரண்டு சாட்சிகள் நிற்க வேண்டும். அவர்கள் காதில் விழும்படி, “உள்ள இருக்கறதப் பூராவும் அழிக்கப் போறேன், சம்மதமா?” என்று மூன்று தடவை கேட்பார். மூன்று தடவையும் சம்மதம் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பட்டனை அமுக்குவார்.

“என்னங்க பாய், நிக்காஹ் மாதிரி?” என்று கேட்டால், “நிக்காஹையாச்சும் முறிச்சுக்கலாமுங்க, இத முடியாது” என்பார்.

அப்போது நான் ஒரு திருமணத் தகவல் மையத்தில் ஜாதகம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி ஒரு அக்கா. வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். எனக்கு முன்னால் இருந்தவர் ராகு இருக்கிற கட்டத்தில் கேதுவைப் போட்டுவிட்டார் என்பதற்காக அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர். என் மனைவிக்கு ஆறாம் மாதம். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை.

ஒருநாள் மெஷின் தகராறு செய்ய, பாயைக் கூப்பிட்டோம். டீக்கடை அண்ணனும் எதிர்க்கடை டெய்லரும் சாட்சி.

“ஜாதகமெல்லாம் வெளிய எடுத்து வெச்சுட்டியா தம்பி?”

“பென்டிரைவ்ல ஏத்திட்டேனுங்க பாய்.”

“தொறந்து பாத்தியா?”

“நேத்து இன்னிக்கா கம்ப்யூட்டர் பாக்கறேன்? நீங்க அழிங்க” என்றேன். மூன்று முறை சம்மதம், அதுவும் கடைசி முறை சலிப்போடு.

எல்லாம் முடிந்து பென்டிரைவைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஷார்ட்கட். அதாவது, கடையின் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, கடையை இடித்துத் தள்ளியிருக்கிறேன். இரண்டு வருஷம் டைப் அடித்த ஜாதகம் அத்தனையும் போச்சு. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். பென்டிரைவைக் கழற்றிக் கழற்றிச் செருகிக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தார். ஜாதகம் ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்ததும் கத்தினார்.

“யாருங்க இந்த வேலையப் பாத்தது?”

டீக்கடை அண்ணன் என்னைப் பார்த்தபடி பேச வாயெடுத்தார். பாய் முந்திக்கொண்டார்.

“நாந்தானுங்க அக்கா. தம்பி வேண்டாம்னுதான் சொல்லிச்சு. நாந்தான் கேக்கலே.”

சாட்சிகள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அக்கா திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது. “திருப்பி ஏத்திக் குடுத்துட்டுத்தான் நீங்க வேற சோலி பாக்கோணும்” என்று உட்கார வைத்துவிட்டார். நல்லவேளையாகப் பழைய ஜாதகக் காகிதங்களைச் சாக்கில் கட்டிப் போட்டிருந்தார். பத்து நாள் பாய் தரையில் உட்கார்ந்து வாசிக்க, நான் அடித்தேன். நாலாம் நாளே மனுஷன் ஜோசியர் ஆகிவிட்டார். “இந்தப் புள்ளைக்கு ஏழுல செவ்வாய். காலைல பாத்தமே, ஆத்தூர்ப் பையன், அவனுக்கும் அதே கதி. ரெண்டையும் சேத்து உட்ருங்க அக்கா.” அக்கா முறைத்தார். முறைத்துவிட்டு இரண்டு காகிதங்களையும் ஒன்றாக எடுத்து வைத்தார்.

கடைசி நாள் நான் மெல்லக் கேட்டேன். “எதுக்குங்க பாய் பழிய ஏத்துக்கிட்டீங்க?”

“எனக்கு ராசிபுரம் போனா தம்மம்பட்டி இருக்குது. உனக்கு இந்த நாற்காலிய உட்டா என்ன இருக்குது? போய் ஊட்டுல புள்ளத்தாச்சியப் பாரு.”

ராசிபுரம் போகத்தான் செய்தது. அக்கா போகிற கல்யாண மண்டபமெல்லாம் சொல்லி வைத்தார். ஒருத்தரும் பாயிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்கவில்லை. இரண்டாம் மாதம் அவர் தம்மம்பட்டிக்கே பஸ் ஏறிவிட்டார். நான் அதே நாற்காலியில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவு நேரம் அவரைக் கிண்டல் செய்தேனே, அந்த யோக்கியன்தான் நான்.

அக்கா, நீங்கள் வாராவாரம் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர் என்று தெரியும். அன்றைக்கு ஜாதகத்தை அழித்தது பாய் இல்லை, நான். திட்டுவதை என்னைத் திட்டுங்கள். மண்டபம் மண்டபமாகச் சொன்னதை மட்டும் ஒருமுறை மாற்றிச் சொல்லிவிடுங்கள், அவர் ஊருக்குத் திரும்பி வரட்டும். என் வீட்டுக் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. பரவாயில்லை, அவர் வந்து அழித்துவிட்டுப் போகட்டும்.