பாதிக் கட்டுரையும் முழுக் கழுத்துப் பட்டையும்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் பல ரகம் உண்டு. வந்ததும் அழுகிறவர், வந்த இடத்தில் தூங்குகிறவர், நோயாளியை எழுப்பி உட்காரவைத்துத் தன் பழைய ஆபரேஷன் தழும்பைக் காட்டிவிட்டுப் போகிறவர். இவர்களையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். நான் சொல்லப் போகிற இனம் வேறு. பெயர்: பாதிக் கட்டுரை படித்தவர்.

இவர் படிக்காதவர் அல்லர். அப்படி இருந்தால் ஆபத்தே இல்லை. முழுக்கப் படித்தவரும் அல்லர். அப்போதும் ஆபத்து இல்லை. காலையில் காபி ஆறுவதற்குள் போனில் ஒரு மருத்துவக் கட்டுரையைத் திறந்து, தலைப்பை இரண்டு தடவையும் முதல் பத்தியை ஒரு தடவையும் படித்துவிட்டு, அடுத்த பத்தி 'ஆனால்' என்று ஆரம்பிக்கிற இடத்தில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சொந்தக்காரர்களில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று யோசித்தபடியே செருப்பை மாட்டுகிறவர். ஆராய்ச்சிகள் பெரும்பாலும் 'ஆனால்' என்ற சொல்லுக்கு அப்புறம்தான் மனம்விட்டுப் பேசுகின்றன. அந்தப் பக்கம் இவர் போனதே கிடையாது.

இவருக்குப் பிடித்த நோயாளி யார்? எதிர்த்துப் பேசாதவர். அப்படி ஒருவர் எங்கள் மாடியில் இருந்தார்.

அவர் தையல்கடைக் கட்டிங் மாஸ்டர். முப்பது வருஷம் மேஜைமேல் குனிந்து துணி வெட்டியதில் கழுத்து டிஸ்க் ஒன்று பிதுங்கி, நரம்பை அழுத்தி, வலது கை மரத்துப்போய், ஒரு நாள் கத்தரிக்கோல் விரலிலிருந்து தானாக நழுவி விழுந்தது. அதை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு ஆபரேஷன். கழுத்தை முன்பக்கமாகத் திறந்து, கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்துவிட்டு, மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒன்றாகச் சேர்ந்து வளரட்டும் என்று நடுவில் ஒரு துண்டு வைத்து, தகடும் திருகாணியும் போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் கழுத்துப் பட்டை. குனியக் கூடாது, திரும்பக் கூடாது. தொண்டை வீங்கியிருந்ததால் குரல் இல்லை. தண்ணீர் இறங்கவே கஷ்டம். எலும்பு சேர்ந்தால் கத்தரிக்கோல் கைக்குத் திரும்பும். சேராவிட்டால்? அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'ஆமாம்' என்று தலையாட்ட முடியாது. 'இல்லை' என்றும் ஆட்ட முடியாது. மறுத்துச் சொல்லக் குரல் கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் டாக்டரின் அனுமதி இல்லை. பாதிக் கட்டுரைக்காரர் வேண்டிக் கேட்டாலும் இப்படி ஒரு சபை கிடைக்குமா?

பதினோராம் நாள் வந்தார் சகலை. அதாவது மாஸ்டர் மனைவியின் அக்கா கணவர். நில அளவை ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவருக்குப் பெயர் 'ஆராய்ச்சி'. அந்த நேரம் பார்த்து நலம் விசாரிக்கப் போயிருந்த நானும் மாட்டிக்கொண்டேன்.

"சகலை, உங்க டிஸ்க்கு எதனால போச்சு தெரியுமா?"

"குனிஞ்சு குனிஞ்சு வெட்டினதால போச்சு, அத்தான்" என்றார் மாஸ்டர் மனைவி.

"அதான் இல்ல! கிருமிம்மா, கிருமி. டிஸ்க்குக்குள்ள பாக்டீரியா இருக்குதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. எந்தக் கிருமி? முகப்பருவுல இருக்குமே, அதே ஆளு!"

மாஸ்டர் கண்ணை இரண்டு தடவை சிமிட்டினார். அந்த வீட்டில் ஒரு சிமிட்டல் என்றால் சரி, இரண்டு என்றால் வேண்டாம். சகலைக்கு இந்த ஒப்பந்தம் தெரியாது.

"சின்ன வயசுல உங்களுக்குப் பரு இருந்துச்சா?"

இரண்டு சிமிட்டல்.

"பாத்தியாம்மா, ரெண்டு தடவை ஒத்துக்கிறார்!"

இந்த இனத்துக்குச் சாட்சி ஒன்று போதாது. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றினார். வரைபடத்தில் எல்லைக்கோடு பார்த்துப் பழகிய பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்தார். மாப்பிள்ளையின் முகத்தைச் சர்வே செய்தார்.

"இதோ! இடது கன்னத்துல. வலியும் இடது கையிலதானே?"

"வலது கை, அத்தான்."

"நரம்பு குறுக்கால போகும்மா."

"அன்னிக்கு அவருக்கு ஒரு டப்பா பவுடர் அப்பியிருந்தாங்க. அதுல பரு எங்க தெரியும்?"

"பவுடரையும் மீறித் தெரியுதுன்னா எவ்வளவு பெரிய பருன்னு பாரு!"

இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன பேசுவீர்கள்? நான் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் வருவதற்குள் அவர் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை வெளியே வந்துவிட்டது. பல் பிடுங்கியபோது கிருமியைக் கொல்ல அவருக்குக் கொடுத்ததாம். வலி மூன்றே நாளில் நின்றுவிட்டதால் எட்டு மாத்திரை மிச்சமாம். அதாவது, மருந்தையும் பாதியில் நிறுத்துகிறவர். அட்டையை மாஸ்டரின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். எழுந்தார். வாசலில் நின்று, போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொன்னார்.

"உள்ள கிருமி இருக்கிற வரைக்கும் எலும்பு எப்படிச் சேரும்?"

அவர் போய்விட்டார். வாக்கியம் போகவில்லை.

மறுநாள் மத்தியானம், மனைவி துணி உலர்த்தப் போயிருந்த சமயம், மாஸ்டர் ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். மாத்திரை கோட் பொத்தான் அளவு. வீங்கிய தொண்டை அதை ஏற்க மறுத்துவிட்டது. இருமல் சத்தம் கீழ்வீட்டில் இருந்த எனக்கே கேட்டது. நான் ஏறிப் போனபோது மாத்திரை தரையில் கிடந்தது. மனைவி அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பல்லுக்குக் கொடுத்த மாத்திரையை முழுங்க உங்களுக்கு என்ன வந்துச்சு? வீட்ல கேக்க ஆளில்லையா?"

பதினோரு நாளாக வராத குரல், காற்றுப்போல வந்தது.

"சேரலேன்னா? நான் வேற என்ன வேலை செய்வேன்?"

அந்த அம்மாள் எழுந்தார். அட்டையைக் கைப்பைக்குள் போட்டார்; போனை எடுத்தார்; மறுநாள் காலை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கினார்.

கார் நான் ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில், விஷயம் கேள்விப்பட்ட சகலை எங்களுக்கு முன்பே வந்து நின்றார், கையில் பூதக்கண்ணாடியோடு. கல்யாணப் படத்தையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார். "டாக்டருக்கும் ஆதாரம் வேணும்ல?"

டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தையலைப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை. பிறகு சகலையின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்ன கட்டுரை உண்மைதான் சார்."

சகலை எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆனா," என்றார் டாக்டரம்மா.

சகலையின் வாழ்க்கையில் இந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன வரும் என்று உட்கார்ந்து கேட்டது அன்றுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"ஆனா, அந்தக் கிருமி தோல்ல எல்லாருக்கும் இருக்கும். டிஸ்க்குக்குள்ளயே இருந்துச்சா, வெளியே எடுக்கும்போது தோல்லருந்து ஒட்டிக்கிச்சான்னு எங்க ஆளுங்களுக்குள்ள இன்னும் சண்டை ஓயல. அந்தப் படத்தைக் கொடுங்க."

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் படத்தின் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தார். மாப்பிள்ளையின் கன்னம் பளிச்சென்று ஆனது. முப்பது வருஷப் பரு பஞ்சோடு வந்துவிட்டது.

"ஈ உக்காந்த கறை சார். இதேதான் எங்க சந்தேகமும். உள்ள இருந்ததா, மேல ஒட்டினதா?"

சகலை அசரவில்லை. "சரி, டிஸ்க்குல இருக்கிற கிருமிக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"எந்த டிஸ்க்குல? அதைத்தான் நான் எடுத்துட்டேனே. இடிச்ச வீட்டு வாசல்ல நின்னு குடித்தனக்காரரைத் தேடுறீங்க."

மாஸ்டரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மாஸ்டருக்குச் சிரிக்கவும் தடை. பட்டைக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "தகடும் திருகாணியும் வெச்ச இடத்துலயே இருக்கு. எலும்பு சேர மாசக்கணக்குல ஆகும். இன்னிக்கே சேந்துடுச்சான்னு கேட்டா நான் பொய்தான் சொல்லணும். கையைக் காட்டுங்க. என் ரெண்டு விரலை இறுக்கிப் பிடிங்க... இன்னும்... போதும், போதும்! எனக்கு மத்தியானம் ஆபரேஷன் இருக்கு."

மாஸ்டர் விரலை விட்டார். பார்வை மட்டும் கட்டுப்போடும் தட்டிலிருந்த கத்தரிக்கோலை விடவில்லை. டாக்டரம்மா அதைக் கவனித்து, எடுத்துக் கொடுத்தார்.

எதை வெட்டுவது? மனைவி கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். மாஸ்டர் குனியவில்லை. அட்டையைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்து, வலது கையால், மேலிருந்து கீழாக ஒரே ஓட்டம். அளவுநாடா வைத்தாலும் அப்படி வராது. ஏழு மாத்திரையும் சரிபாதியாகி, குப்பைக்கூடையில் இரண்டு பக்கமாக விழுந்தன.

கத்தரிக்கோல் விழவில்லை.

சகலை திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். நாங்கள் மருந்துச்சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் வராந்தாவில், காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு எலும்பு எதனால உடைஞ்சுது தெரியுமா?"

"மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன் சார்."

"அதான் இல்ல!"

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் மாமனாரோ, பக்கத்து சீட்டுக்காரரோ, முகம் இப்போது கண்முன் வந்திருக்கும். நல்லது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். 'டிஸ்க்குக்குள்ள பாக்டீரியா' என்ற இடம் வந்தபோது, முதுகு வலிக்கிற யாரோ ஒருவருக்கு இதை உடனே அனுப்பிவிட வேண்டும் என்று உங்கள் கட்டைவிரல் போனில் ஒரு பெயரைத் தேடவில்லையே? அனுப்பிவிட்டுத்தான் மிச்சத்தைப் படித்தீர்கள் என்றால், தயவுசெய்து எழுந்து கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள்.

தெரிகிற முகம் கறை என்று துடைத்துப் பார்க்காதீர்கள். அது போகாது.